அடுப்பின் வாய் எந்தப் பக்கம்?

தம்பி,

போன ஞாயிற்றுக்கிழமை போடிமெட்டுக்கு மேலே இருக்கும் நம் ஸ்டோருக்கு என்னை ஜீப்பில் கூட்டிக்கொண்டு போனாய். ஏலக்காயைப் பறித்துக் கொண்டுவந்து காயப்போடும் கட்டடத்தைத்தான் மலையில் ஸ்டோர் என்கிறோம். உன் தாய்மாமனுக்கு முழங்கால் ஒத்துழைக்காமல் போனதும், கோயம்புத்தூர் வேலையை விட்டுவிட்டு நீ அதை எடுத்து நடத்துவதாக ஒப்புக்கொண்டாய். ஆவணியில் உனக்குக் கல்யாணம். அது முடிந்த கையோடு நீயும் கவிதாவும் ஸ்டோரிலேயே குடியிருக்கப் போகிறீர்கள். வெள்ளையடித்து வைத்திருந்த அறையைத் திறந்து காட்டினாய். கட்டில் எங்கே, பீரோ எங்கே, சன்னலுக்குக் கவிதா என்ன நிறத்தில் திரை கேட்டிருக்கிறாள் என்று ஒவ்வொன்றாகச் சொன்னாய். பிறகு உள்சுவரில் உள்ளங்கையை வைத்து, "அந்தப் பக்கம் அடுப்பு எரியிறப்ப இந்தச் சொவரு கதகதன்னு இருக்கும்பா. சீசன்ல கம்பளியே வேணாம்" என்றாய். நான் "ஆமாப்பா" என்று மட்டும் சொன்னேன். திரும்பி வரும்போது கொண்டை ஊசி வளைவுகளில் ஜீப்பு குலுங்கிக்கொண்டே இறங்கியது. அடிவாரத்தில் முந்தல் வரும்வரை நான் வாயைத் திறக்கவில்லை. மலை இறக்கம் எனக்குச் சேரவில்லை என்று நீ நினைத்துக்கொண்டாய்.

அந்தச் சுவரின் கதகதப்பு எனக்குத் தெரியும். நீ பிறப்பதற்கு முன்னும் பின்னுமாக மூன்று சீசன் நானும் உன் அம்மாவும் அதே அறையில் இருந்தோம். அங்கே நான் செய்த ஒரு தவறை முப்பது வருடமாக யாரிடமும் ஒப்புக்கொள்ளவில்லை. பத்திரிகையில் ஒரு பெயரைத் தப்பாகப் போட்டால்கூட மறுநாள் திருத்தம் வெளியிடுவோம். அந்தப் பழக்கத்தில் ஆயுள் முழுக்க வேலை பார்த்தவன், சொந்த வீட்டு விஷயத்தில் திருத்தம் போடாமலே ஓய்வு பெற்றுவிட்டேன். அதைத்தான் இப்போது எழுதுகிறேன். உனக்குத்தான் எழுதுகிறேன் என்றாலும், எல்லோரும் படிக்கட்டும் என்றே எழுதுகிறேன். இந்த மலைச்சரிவில் நம் அறையைப் போன்ற அறைகள் நிறைய உண்டு.

அப்போது நான் பகுதிநேர நிருபர். அனுப்புகிற செய்தி அச்சானால்தான் வருமானம். உன் தாத்தாவின் ஸ்டோரில் தங்கினால் வாடகை மிச்சம், உன் அம்மா அடுப்பையும் பார்த்துக்கொள்வாள் என்று ஏற்பாடு. காலையில் நான் ஏதாவது ஒரு ஜீப்பைப் பிடித்துப் போடிக்கு இறங்கிவிடுவேன். அவள் அடுப்போடு இருப்பாள். கட்டடத்தின் அமைப்பு உனக்குத் தெரியும், படிக்கிற மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். நடுவில் தட்டுத் தட்டாகப் பச்சைக்காய் அடுக்கும் அறை. அதன் ஒரு பக்கம் விறகு அடுப்பு. அடுப்பிலிருந்து கிளம்பும் இரும்புக்குழாய் காய் அறையின் தரையோடு சுற்றி வந்து, புகையைக் கூரைக்கு மேல் கொண்டுபோய் விடும். குழாயின் சூட்டில் காய் உலரும். மறுபக்கம் குடியிருக்கும் அறை. காய் அறைக்கு மட்டும் மேலே பலகை அடைத்திருக்கும். மற்ற இரண்டுக்கும் சுவர் கூரையைத் தொடாது. அடுப்படியில் கிளம்பும் புகை பலகைக்கு மேலே ஊர்ந்து வந்து நம் அறைக்குள் இறங்க எந்தத் தடையும் கிடையாது.

இரண்டாவது சீசன் தொடங்கியபோது மழை விடவே இல்லை. விறகு முழுக்க ஈரம். எவ்வளவு திணித்தாலும் காய் அறையில் சூடு ஏறவில்லை. காய் சீக்கிரம் வாடாவிட்டால் பச்சை நிறம் போய்விடும், நிறம் போனால் ஏலத்தில் யாரும் சீந்தமாட்டார்கள். சூடு முழுக்கப் புகைபோக்கி வழியாகத்தான் வீணாகிறது என்று எனக்கு ஒரு யோசனை. கூரைமேல் ஏறி, புகைபோக்கியின் வாயில் முக்கால்வாசியை ஒரு தகரத்தால் மூடி, மேலே கல்லை வைத்துவிட்டு இறங்கினேன். சொன்னால் சிரிப்பாய், அன்றைக்கே சூடு ஏறியது. விறகும் குறைவாகப் பிடித்தது. உன் தாத்தா ஊரெல்லாம் சொன்னார், "எம் மருமகன் பேப்பருக்கு எழுதுறவரு மட்டுமில்ல, இன்சினியரு" என்று. அக்கம்பக்கத்து ஸ்டோர்க்காரர்கள் இரண்டு பேர் வந்து பார்த்துவிட்டுப் போய் அவர்களும் தகரம் வைத்தார்கள்.

மேலே போக வழியில்லாத புகை அடுப்பின் வாய் வழியாகவே திரும்பி வெளியே வந்தது. உன் அம்மா இரண்டாம் நாளே சொன்னாள்.

"கண்ணெல்லாம் எரியுதுங்க. தொண்டைக்குள்ள யாரோ மொளகாத்தூளப் போட்ட மாதிரி இருக்கு."

"கொஞ்ச நாள்ல பழகிரும்" என்றேன்.

நான் எழுதியதும் பேசியதுமான எத்தனையோ வாக்கியங்களில் நான் திரும்பப் பெற விரும்புவது அந்த ஒன்றைத்தான். அப்போது நீ அவள் வயிற்றில் ஐந்து மாதம். அந்த வாரம்தான் எதிர்ச்சரிவில் நின்று நம் ஸ்டோரைப் படம் பிடித்து அனுப்பினேன். கூரை ஓடுகளின் இடுக்கெல்லாம் புகை கசிந்து, பனியோடு கலந்து, பார்க்க அவ்வளவு அழகாக இருந்தது. 'மலையெங்கும் புகை: களைகட்டியது ஏலக்காய் சீசன்' என்று தலைப்புக் கொடுத்தேன். படத்தோடு வந்தது. அதை வெட்டி அறைச் சுவரில் ஒட்டிவைத்தோம். அந்தப் புகைக்குள் என் மனைவி உட்கார்ந்திருக்கிறாள் என்று படமெடுத்தவனுக்கும் தோன்றவில்லை, தலைப்பு எழுதியவனுக்கும் தோன்றவில்லை. இரண்டு பேரும் நான்தான்.

நீ எடை குறைவாகப் பிறந்தாய். புகையால்தான் என்று நான் எழுதமாட்டேன். ஒரு குழந்தையைக் காட்டி இன்ன காரணம் என்று எந்த மருத்துவரும் அடித்துச் சொல்லமாட்டார். புகைக்குள் இருக்கும் கர்ப்பிணிகளுக்குக் குழந்தை எடை குறையும் வாய்ப்பு கூடுதல் என்பது மட்டும் மருத்துவர்களுக்குத் தெரிந்த விஷயம். தெரிந்ததைத் தெரிந்த அளவுக்குச் சொல்வதுதான் என் தொழில், அதை இங்கேயும் மீறவில்லை.

நீ நடக்கத் தொடங்கியபோது போடிக்குக் குடிவந்துவிட்டோம், கேஸ் அடுப்பும் வந்தது. ஆனாலும் சீசனுக்குச் சீசன் உன் அம்மா தன் தம்பிக்கு ஒத்தாசை என்று மேலே போய் ஒன்றிரண்டு மாதம் அடுப்பைப் பார்த்துவிட்டுத்தான் வருவாள். திரும்பி வரும்போது இருமல் கூட வரும். குளிர் ஒத்துக்கொள்ளவில்லை என்று பேசிக்கொள்வோம். கசாயம் போடுவோம். நீ கல்லூரியில் இருந்தபோது அவள் மாடிப்படி ஏற மூச்சு வாங்கினாள், வயசாகிறது என்றோம். மூன்று வருடத்துக்கு முன்னால், வாசலில் தண்ணீர்க் குடத்தைத் தூக்கி வைத்துவிட்டுப் பேச முடியாமல் சுவரைப் பிடித்து நின்றாள், அன்றைக்குத்தான் பயந்து மதுரைக்கு ரயிலேறினோம். நீ கோயம்புத்தூரிலிருந்து போன் செய்தபோது 'சாதாரண செக்கப்' என்று சொன்னேன். அதுவும் பொய்.

நுரையீரல் மருத்துவர் இளவயது, பொறுமையானவர். முதல் கேள்வியே, "பீடி, சுருட்டு ஏதாவது பழக்கம் உண்டாம்மா?"

உன் அம்மாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "எனக்கா? நான் வெத்தலைகூடப் போட்டதில்ல டாக்டர். இவரும் குடிக்க மாட்டாரு. டீதான் ஒரு நாளைக்குப் பத்து."

"வீட்ல என்ன அடுப்பு?"

"கேஸ்தான்."

"அதுக்கு முன்னால?"

அவள் என்னைப் பார்த்தாள். ஸ்டோரைப் பற்றி நான்தான் சொல்ல வேண்டியிருந்தது. தகரத்தை மட்டும் சொல்லவில்லை. மருத்துவர் எழுதுவதை நிறுத்திவிட்டு, கட்டடத்தைப் படம் போட்டுக் காட்டச் சொன்னார். அறைகளை வரைந்தேன். பேனாவால் அடுப்பிலிருந்து எங்கள் கட்டில்வரை அவரே ஒரு கோடு இழுத்தார். பிறகு ஒரு குழாயில் ஊதச் சொல்லி மூச்சின் வேகத்தை அளந்தார்கள். "ஊதுங்கம்மா, இன்னும், இன்னும், விட்றாதீங்க" என்று சோதனை எடுத்த பெண் உற்சாகப்படுத்த, முடித்து மூச்சு வாங்கி உட்கார்ந்த உன் அம்மா, "நாயனக்காரருக்குக்கூட நடுவுல மூச்சு விடவிட்டு வாசிக்கச் சொல்லுவாக" என்றாள். காகிதத்தில் வந்த கோடு மேலே ஏறவேண்டிய இடத்தில் ஏறாமல் சாய்ந்து கிடந்தது. புகைபிடிக்கிறவர்களுக்கு வரும் மூச்சுக்குழாய் அடைப்பு நோய்தான், அடுப்புப் புகையிலும் வரும் என்றார் மருத்துவர்.

சளியைப் பரிசோதிக்கக் கொடுத்திருந்தோம். முடிவு வாங்கப் போனபோது பழக்கதோஷத்தில் ஆய்வகத்துப் பெண்ணிடம் கேள்வி கேட்டுக்கொண்டே நின்றேன். பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டு அவர், "நீங்களே பாத்துருங்க சார்" என்று நுண்ணோக்கியின் முன்னால் என்னை உட்காரவைத்தார். வெளிர்நீலத்தில் உருண்டை உருண்டையாகச் செல்கள். சிலவற்றுக்குள் கறுப்புப் புள்ளிகள், மிளகை இடித்துத் தூவியது போல.

"கிருமியாம்மா?" என்றேன்.

"கிருமி இல்ல சார். கரி. வெறகுப் பொகையில வர்ற கரி."

முப்பது வருடம் எத்தனையோ ஆதாரங்களைத் தேடி அலைந்தவன் நான். இவ்வளவு சுத்தமான ஆதாரம் என் கையில் கிடைத்ததில்லை. அது என் மனைவியின் செல்லுக்குள் இருந்தது.

அன்றைக்கு அவர் சொன்னதையும், பிறகு மருத்துவரிடம் இரண்டு முறை கேட்டுச் சரிபார்த்ததையும் உனக்குப் புரியும்படி எழுதிப் பார்க்கிறேன். விறகு முழுதாக எரிவதில்லை, ஈர விறகு இன்னும் மோசம். எரியாமல் மிஞ்சும் கரி மிக நுண்ணிய துகளாகப் பறக்கிறது. தலைமுடியின் கனத்தில் முப்பதில் ஒரு பங்கும், அதைவிடச் சின்னதும் உண்டு. பெரிய தூசியை மூக்கும் சளியும் பிடித்துவிடும். மூச்சுக்குழாயின் உட்புறத்தில் செல்களின் மேல் நுண்ணிய இழைகள் அலையலையாக அசைந்து, சளியோடு அழுக்கையும் மேலே தள்ளிக்கொண்டே இருக்கும். தொடர்ந்து புகை பட்டால் அந்த இழைகள் துவண்டு, அசைவு குறைகிறது. தள்ளுவதற்கு வேறு வழியில்லாமல் உடம்பு இருமித் தள்ளப் பார்க்கிறது. குளிர் என்று நாம் கசாயம் கொடுத்த இருமல் அதுதான். மிக நுண்ணிய துகளோ இந்தக் காவலையெல்லாம் தாண்டி, நுரையீரலின் கடைசியில் உள்ள காற்றுப்பைக்கே போய்ச் சேருகிறது. அங்கே சுவர் ஒரு செல் கனம்தான். அதை ஒட்டியே இரத்தம்.

காற்றுப்பைகளில் ரோந்து சுற்றுகிற விழுங்கும் செல்கள் உண்டு. நான் பார்த்த உருண்டைகள் அவைதான். கிருமி வந்தால் விழுங்கிச் செரித்துவிடும். கரியை விழுங்க முடிகிறது, செரிக்க முடிவதில்லை. கிருமியைக் கொல்ல வைத்திருக்கும் காரமான சரக்கை அவை கரியின்மேல் கொட்டுகின்றன. அந்தச் சரக்கு பக்கத்திலிருக்கும் நல்ல செல்களின்மேலும் சிந்துகிறது. கரித்துகளும் சும்மா வருவதில்லை, தாரைப் போன்ற பிசுபிசுப்பான வேதிப்பொருள்களையும் உலோகத் துணுக்குகளையும் ஒட்டிக்கொண்டு வருகிறது. இவையெல்லாம் சேர்ந்து செல்லுக்குள் ஆக்சிஜனை அடங்காத வடிவங்களாக மாற்றுகின்றன. ஆக்சிஜன் நம்மை வாழவைப்பதுதான், ஆனால் அந்த வடிவில் தொட்டதையெல்லாம் அரிக்கும். செல்லைச் சுற்றியிருக்கும் மெல்லிய படலம் பெரும்பாலும் கொழுப்பு. திறந்து வைத்த எண்ணெய் காறிப்போகுமே, அதே மாதிரி அந்தப் படலம் காறிப்போகிறது. செல்லுக்குச் சக்தி தரும் உறுப்புகள் பழுதாகின்றன. அரிப்பு கடைசியில் டி.என்.ஏ. என்கிற மரபிழைவரை போய்விடுகிறது. இழை அறுகிறது, அல்லது தாரைப் போன்ற அந்தப் பொருள் இழையிலேயே ஒட்டிக்கொண்டு, படி எடுக்கும்போது எழுத்தை மாற்றிவிடுகிறது. அச்சுப்பிழை என்றால் என்னவென்று எனக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. சில பிழைகள் யாரும் கவனிக்காமல் போய்விடும், சில பிழைகள் அர்த்தத்தையே புரட்டிவிடும்.

புகையில் இன்னொன்றும் இருக்கிறது, மணமோ நிறமோ இல்லாத கார்பன் மோனாக்சைடு. இரத்தத்தில் ஆக்சிஜனைச் சுமக்கும் இடத்தில் அது போய் உட்கார்ந்துகொள்கிறது. காலையில் தோட்டத்துக்குப் போகும் ஜீப்பில், வேலைக்குப் போகவேண்டியவர் கீழே நிற்க, சோலி இல்லாதவன் ஏறி உட்கார்ந்துகொண்டு இறங்கமாட்டேன் என்று அடம்பிடிப்பது போல. வயிற்றில் பிள்ளை இருந்தால், அந்த ஜீப்பை நம்பி இரண்டு உயிர்கள் காத்திருக்கின்றன.

பயமுறுத்துவதற்கு இதையெல்லாம் எழுதவில்லை. மறுபாதியையும் கேள். செல் சும்மா அடிவாங்கிக்கொண்டு இருப்பதில்லை. அரிப்பை அடக்கும் பொருளைத் தானே தயாரிக்கிறது. அறுந்த இழையை ஒட்டுவதற்கும், தவறான எழுத்தை வெட்டிவிட்டுச் சரியானதைப் போடுவதற்கும் தனித்தனிப் புரதங்கள் இருக்கின்றன. ஒவ்வொரு செல்லுக்குள்ளும் ஒரு பிழைதிருத்துபவர் இரவு பகலாக வேலை பார்க்கிறார் என்று வைத்துக்கொள். அவருக்கு வேலை தெரியும், நேரம்தான் வேண்டும். நாள்தோறும் புதுப்புகை வந்தால் திருத்துவதைவிடப் பிழை வேகமாகச் சேருகிறது. புகை நின்றால் அவர் மெல்ல மெல்ல முந்திவிடுகிறார். உன் அம்மா அதற்குப் பிறகு மேலே போகவில்லை, இன்ஹேலரில் மருந்தை உறிஞ்சுகிறாள், காலையில் சந்தைப் பக்கம் நடக்கிறாள். நம் தெருவில் காய்ந்த சருகைக் கூட்டிக் கொளுத்துவதையும் சண்டைபோட்டு நிறுத்தினாள். "எரிச்சாத்தான் சுத்தமா? அள்ளிக் குழியில போட்டா மக்காதா?" என்று அவள் கேட்டபோது தெருவே கூடி வேடிக்கை பார்த்தது. ஒரு வருடம் கழித்து எடுத்த சளியில் கறுப்புப் புள்ளிகள் தேடிப் பார்க்கவேண்டிய அளவுக்குக் குறைந்திருந்தன. இருமல் அநேகமாக இல்லை. கெட்டுப்போன காற்றுப்பைகள் திரும்ப வராது, அதை மருத்துவர் மறைக்கவில்லை. ஆனால் மேலும் இழப்பது மெதுவாகிவிட்டது. மாடிப்படியை ஒரே மூச்சில் ஏறிவந்து மொட்டைமாடியில் நின்று என்னைக் கூப்பிட்டாளே ஒருநாள், "இங்க பாருங்க, நான் மேல நிக்கேன்" என்று, அந்தக் குரலுக்காக என் தொழிலில் வாங்கிய பாராட்டுகள் அத்தனையையும் கொடுத்துவிடலாம்.

ஞாயிற்றுக்கிழமை ஜீப்பில் பேசாமல் வந்துவிட்டு, திங்கட்கிழமை உனக்குப் போன் செய்தேன். அடுப்பின் வாயை வெளிப்பக்கமாகத் திருப்பிக் கட்டலாமா, புகைபோக்கியை உயர்த்தலாமா என்று சுற்றிவளைத்துக் கேட்டேன். நீ உன் மாமன் சொல்லிக்கொடுத்ததையே சொன்னாய். "வாய வெளிய வச்சா காத்தடிச்சு சூடு ஒரே சீரா நிக்காதுப்பா. பச்ச போயிரும். ஏலத்துல காய உள்ளங்கையில போட்டு கலரத்தான் பாப்பாங்க. எனக்கு மொத சீசன்." உன் கவலை நியாயமானது. முதல் சீசனில் காய் வெளுத்தால், கோயம்புத்தூர் வேலையை விட்டது தப்பு என்று ஊரே பேசும். அதனால் பழைய வேலையைக் கொஞ்சம் பார்த்தேன். பூப்பாறை போகும் வழியில் ஒரு ஸ்டோர்க்காரர் போன வருடமே அடுப்பின் வாயை வெளியே திருப்பி, காற்று படாமல் இரண்டு பக்கமும் சுவர் எழுப்பி, புகைபோக்கியைக் கூரைக்கு மேல் ஓர் ஆள் உயரத்துக்குக் கட்டியிருக்கிறார். செவ்வாய்க்கிழமை போய்ப் பார்த்தேன். போன சீசன் காயில் ஒரு கைப்பிடி வாங்கினேன். உன் மாமனின் போன சீசன் காயிலும் ஒரு கைப்பிடி எடுத்துக்கொண்டேன். இரண்டையும் இரண்டு கைக்குட்டைகளில் முடிந்து, எது எங்கிருந்து வந்தது என்று சொல்லாமல், எனக்குத் தெரிந்த ஒரு வியாபாரி முன்னால் வைத்தேன். இருபது வருடமாக ஏலத்தில் காய் பார்க்கிறவர்.

சன்னல் வெளிச்சத்தில் புரட்டிப் பார்த்தார். "ரெண்டும் நல்ல பச்சதான். வித்தியாசம் சொல்ல முடியாது." பிறகு ஒன்றை நசுக்கி மூக்கருகே கொண்டுபோனார். "ஆனா அண்ணே, இதுல லேசா பொகை வாடை அடிக்குது. இது யாரு காய்?"

நம் காய். நான் பெயர் சொல்லவில்லை, கவலைப்படாதே. நிறத்தைக் காப்பது முதல் சில மணி நேரத்தில் ஈரக்காற்றை வெளியேற்றுவதும், சூட்டை ஏற்றி இறக்காமல் வைத்திருப்பதும்தான். புகைக்கு அதில் வேலையே இல்லை. நான் வைத்த தகரத்துக்கும் இல்லை. அந்தச் சீசனில் காயைக் காப்பாற்றியது தகரம்தான் என்று நான் நம்பிக்கொண்டிருந்தேன். இப்போது நினைத்துப் பார்த்தால், மழையும் அந்த வாரம்தான் விட்டது.

இவ்வளவையும் எழுதி முடித்து, உனக்கு அனுப்பிவிடலாம் என்று இருந்தேன். அந்த அறையில் குடியிருக்காதே, போடியிலோ மெட்டிலோ வீடு பார்த்துக்கொள், அடுப்பைப் பிறகு பார்க்கலாம் என்றுதான் கடிதத்தை முடித்திருந்தேன். நேற்று மாலை கவிதா குரங்கணியிலிருந்து சேலைக்கு அளவு ரவிக்கை கொடுக்க வந்தாள். உன் அம்மா அவளை அடுக்களையில் உட்காரவைத்து, எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள். தகரத்தைக்கூட. புகை திரும்பியது அதனால்தான் என்று அவளுக்கு முதல் நாளிலிருந்தே தெரியுமாம்.

"அதனால அந்த ரூமு வேணாம் ஆத்தா. கீழ ஒரு வீடு பாப்போம். அவன் காலையில போயிட்டுச் சாயங்காலம் வரட்டும்."

கவிதா காபி டம்ளரைக் கீழே வைத்தாள். "சரி அத்தை. அப்ப பெருமாள் அண்ணே எங்க படுப்பாரு?"

அடுக்களை வாசலில் நின்ற நான் உள்ளே போய், எழுதி முடித்த கடிதத்தை எடுத்துப் புரட்டினேன்.

பெருமாளை உனக்குச் சின்ன வயதிலிருந்தே தெரியும். உன் தாத்தா காலத்திலிருந்து, உன் அம்மா சூடு பார்த்த நாட்களிலும், நம் அடுப்புக்கு விறகு தள்ளுகிறவர். சீசன் முழுக்க அடுப்படியிலேயே சாக்கை விரித்துப் படுக்கிறவர். என் மனைவியின் மூச்சைப் பற்றி இத்தனை பக்கம் எழுதினேன், வரப்போகும் பேரப்பிள்ளையின் மூச்சைப் பற்றியும் யோசித்தேன். அந்த அடுப்புக்கு நம் எல்லோரையும்விட நெருக்கமாக உட்கார்ந்திருப்பவரின் பெயர் என் கடிதத்தில் ஓர் இடத்தில்கூட இல்லை. நாளைக்கு வீட்டுக்கு வரப்போகிற பெண் ஒரே கேள்வியில் அதைக் காட்டிவிட்டாள். நல்ல நிருபராக வந்திருப்பாள், தம்பி. நீ கொடுத்துவைத்தவன்.

இன்று காலை முதல் ஜீப்பில் ஏறி, பெருமாளைப் பார்க்கப் போனேன். விறகு அடுக்கிக்கொண்டிருந்தார்.

"என்ன நிருபரே, வெரசா வந்திருக்கீரு. யாரு வீட்ல திருட்டு?"

விஷயத்தைச் சொன்னேன். செல், கரி எல்லாம் சொன்னேன். தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டார். அவருக்கும் ஏற்றத்தில் மூச்சு வாங்குகிறதாம், ஆனால் யாரும் கேட்கவில்லையாம். கேட்டால்தானே சொல்வது என்றார். பிறகு அடுப்பைச் சுற்றி ஒரு நடை நடந்து, வெளிச்சுவரில் ஓர் இடத்தைத் தட்டிக் காட்டினார்.

"வாய இந்தப் பக்கம் ஒடச்சுத் திருப்பலாம். கெழக்குப் பக்கம் காத்துக் கம்மி. ஆனா மழைக்கு நான் எங்க ஒதுங்குறது? வெளிய நின்னு தள்ளணும்னா மேல ஒரு கூர வேணும், சுத்திச் சொவரு வேணாம், நாலு காலு போதும். வெறகையும் அதுக்கடியிலயே காயப்போட்டா ஈரம் இருக்காது, பொகையும் பாதியாப் போயிரும். படுக்கத் தனியா ஒரு ரூமு, தள்ளி. அலாரம் அடிச்சா எந்திரிச்சு வந்து பாத்துக்கிறேன். எம்புட்டு வருசமாச் சொல்லணும்னு நெனச்சேன் தெரியுமா?"

"ஏன் பெருமாளு சொல்லல?"

"நீங்கதான இன்சினியரு" என்றார்.

வேலைக்குப் பத்து நாள் போதும் என்கிறார் போடியில் ஒரு கொத்தனார். பழைய இரும்புக்குழாயில் துரு ஓட்டைகள் இருந்தால் அதையும் மாற்றிவிட வேண்டும். குடியிருக்கும் அறைக்குச் சுவரைக் கூரைவரை எழுப்பிப் பலகை அடைத்துவிட்டால், நீயும் கவிதாவும் அங்கேயே இருக்கலாம். கதகதப்பும் கிடைக்கும், புகை வராது. நாளைக்கு மின்சாரத்தில் உலர்த்தும் எந்திரத்துக்கு நீ மாறலாம், அது உன் காலம், உன் கணக்கு. இந்தச் சீசனுக்கு இது போதும். கல்யாணத்துக்கு முன்னால் முடித்துவிடலாம், ஆடி மழை கொஞ்சம் வழிவிட வேண்டும், அவ்வளவுதான். கட்டளையாக எழுதவில்லை. ஸ்டோர் இப்போது உன்னுடையது, முடிவும் உன்னுடையது.

ஒன்று மட்டும் தெரிந்துகொள். ஆவணி முடிந்து உன் முதல் லோடு பச்சைக்காய் தட்டில் ஏறும் நாளில் மேலே வரவேண்டும் என்று உன் அம்மா பிடிவாதமாக இருக்கிறாள். புகை இருக்கும் இடத்துக்குப் போகக்கூடாது என்று மருத்துவர் சொன்னதை நினைவுபடுத்தினேன். "எம் பிள்ளை மொத காய் போடுறான், நான் பாக்க வேணாமா?" என்று கேட்டுவிட்டு, அன்றைக்குக் கட்டவேண்டிய சேலையை இப்போதே எடுத்து வைத்துவிட்டாள். அதனால் எப்படியும் நாங்கள் வருவோம். உன் வீட்டுக்குள் வந்து உட்கார்ந்து கவிதா கையால் ஒரு காபி குடிப்பதா, ரோட்டிலேயே ஜீப்புக்குள் கண்ணாடியை ஏற்றிவிட்டு உட்கார்ந்து உன்னைத் தூரத்திலிருந்து பார்த்துவிட்டுத் திரும்புவதா என்பதை நீதான் அதற்குள் முடிவு செய்யவேண்டும்.

உன் அப்பா